டேப்லெட்டில் லினக்ஸ் போட்டுத் தர்றேன்னு சொல்ற கடைக்காரங்ககிட்ட ஜாக்கிரதை: 1,800 ரேண்ட் போச்சு

வயிறு எரியுது, அதான் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். தென்னாப்பிரிக்கா டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற ஒரு சின்னக் கடை. பேர் போடலை. டர்பனில் இந்த மாதிரிக் கடை தெருவுக்குத் தெரு இருக்கு.

என்னோடது பழைய விண்டோஸ் டேப்லெட். இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப் சிப், 2 ஜிபி ராம், 32 ஜிபி இடம். அப்டேட் வந்தாலே மூச்சு திணறும். விண்டோஸை எடுத்துட்டு அதுக்குப் பதிலா ஓடுற இலவச சிஸ்டமான லினக்ஸைப் போட்டா ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புப் பிள்ளைங்க தட்டச்சு பழகலாமேன்னு கொண்டுபோனேன். "இதெல்லாம் ஒரு வேலையா அண்ணா, சாயங்காலம் வாங்க"ன்னான் கடைப் பையன். கல்லாவுக்குக் கீழேயிருந்து இன்னொரு டேப்லெட்டை எடுத்து என் கையில கொடுத்தான். உபுண்டு ஓடுது, அது லினக்ஸ்ல ஒரு வகை. விரலால தள்ளினா நகருது, குறுக்கே திருப்பினா திரையும் கூடவே திரும்புது. அதைப் பார்த்துத்தான் 1,800 ரேண்டையும் ரொக்கமா முன்கூட்டியே எண்ணிக் கொடுத்தேன். அது வேற சிப் போட்ட வேற டேப்லெட்டுன்னு அவன் வாயைத் திறக்கலை.

என்னோடது திரும்பி வந்தப்ப தொட்டா அசையலை. வைஃபை இல்லை, சத்தம் இல்லை. கேட்டா, "அப்டேட் பண்ணுங்க, சரியாயிடும்." வைஃபை இல்லாம எதை அப்டேட் பண்றது? "அப்ப மவுஸ் போட்டுக்குங்க." சார்ஜுக்கும் மவுஸுக்கும் இருக்கிறதே அந்த ஒரே ஓட்டைதான்யா! அப்புறம் முதலாளி ஊர்ல இல்லை, அப்புறம் கரண்ட் இல்லை, கடைசியில வாட்ஸ்அப்ல ரெண்டு நீல டிக். 1,800 ரேண்டுக்கு நீல டிக்.

மச்சான் பையன்தான் நோண்டிப் பார்த்துச் சொன்னான். போட்டிருக்கிறது 2016-ல வந்த உபுண்டு 16.04. இதிலுள்ள ரியல்டெக் வைஃபை சிப்பை இயக்குற புரோகிராம், அதாவது டிரைவர், லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்குள்ள வந்ததே 2017-ல. தொடுதிரை சைலீட் சிப். அதுக்கு மாடலுக்கு மாடல் தனி ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஏத்துற மென்பொருள்) வேணும், அது விண்டோஸ் டிரைவருக்குள்ளதான் இருந்துச்சு. பிரதி எடுக்காம மொத்தத்தையும் அழிச்சிருக்கான். சரி, தெரியாத பையன்னு விடலாமான்னா அதுவும் இல்லை. இந்த டேப்லெட்டில் பிராசஸர் 64 பிட், ஆன் பண்ணினதும் சிஸ்டத்தை எழுப்புற யூஇஎஃப்ஐ மட்டும் 32 பிட். சாதாரண 64 பிட் உபுண்டு யூஎஸ்பி இதில் பூட்டே ஆகாது, கிளம்பவே கிளம்பாது. அதைத் தாண்டத் தெரிஞ்சவனுக்கு, அழிக்கிறதுக்கு முன்னாடி பிரதி எடுக்கணும்னு தெரியாதா?

எப்படித் தப்பிக்கிறதுன்னு விலாவாரியா எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்துல ஓடலை. உங்க டேப்லெட்டிலேயே யூஎஸ்பியிலிருந்து லைவா, அதாவது உள்ளே இருக்கிறதை அழிக்காம, ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. தொடுதிரை, வைஃபை, சத்தம் பார்க்காம அழிக்க விடாதீங்க. விண்டோஸ் டிரைவரைக் காப்பி எடுத்து வச்சுக்குங்க. காசு வேலை முடிஞ்ச பிறகு. ரசீதில் என்ன வேலைன்னு எழுதி வாங்குங்க, எனக்குக் கிடைச்ச ரசீதில் 'சாஃப்ட்வேர்'னு ஒரே சொல்.

தென்னாப்பிரிக்காவோட 2008-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54-வது பிரிவு: வேலை ஒழுங்கா இல்லைன்னா சரி பண்ணித் தரணும், இல்லை நியாயமான ஒரு பங்கைத் திருப்பித் தரணும். அதை அச்செடுத்து வச்சிருக்கேன். இதே மாதிரி ஏமாந்தவங்க டர்பனில் வேற யாராவது இருந்தா சொல்லுங்க, சேர்ந்தே புகார் கொடுப்போம்.