மைனஸ் 20இல் ஐந்து குளிர்காலம்: என் கேமரா கற்றுக்கொடுத்தவை

லடாக்கின் ஹான்லேக்கு ஐந்து டிசம்பர்களாகப் போய்வருகிறேன். எல்லாம் இரவு வானத்துக்காக. நம் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் அங்கே 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்திரா தொலைநோக்கியையும் நடத்துகிறது. ஐந்து வருஷமும் கூட வந்தது ஒரே டிஎஸ்எல்ஆர் கேமரா. பெட்டியோடு வந்த கையேட்டில் அது வேலை செய்யும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி வரை என்று போட்டிருந்தது. ஹான்லேயில் நள்ளிரவுக்கு மேல் மைனஸ் 20 சாதாரணம்.

முதல் வருஷம் கேமரா போய்விட்டது என்றே நினைத்தேன். அறையை விட்டுக் கிளம்பும்போது பேட்டரி நிறைந்திருந்தது. கார்த்திகைக் கொத்து உச்சிக்கு வருவதற்குள் சிவப்பு அடையாளம் மின்னி, அணைந்துவிட்டது. பையின் வெளி அறையில் வைத்திருந்த மாற்று பேட்டரியும் அப்படியே. இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். காலையில் சார்ஜ் ஏற்றாமலே போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் காட்டியது.

லித்தியம் அயன் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் குளிரில் தடித்துவிடும். அயனிகள் மெதுவாக நகரும், உள்மின்தடை ஏறும், வோல்டேஜ் இறங்கும். கேமரா பார்ப்பது வோல்டேஜை மட்டும், அதனால் காலி என்று முடிவு செய்துவிடுகிறது. மின்சாரம் எங்கும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது. இப்போது நான்கு பேட்டரி வைத்திருக்கிறேன். மூன்று எப்போதும் தெர்மல் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே, நெஞ்சோடு ஒட்டி இருக்கும். கேமராவில் இருப்பது தளர்ந்ததும் மாற்றி, குளிர்ந்ததை உள்ளே போட்டுக்கொள்வேன். ஒரு மணி நேரத்தில் அது மறுபடி உழைக்கும். கை சூடாக்கும் பொட்டலத்தைக் கேமராவில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியும் பார்த்தேன். அது இரும்புத்தூள் ஆக்சிஜனோடு சேர்ந்து சூடாகும் பொருள். அந்த உயரத்துக் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் மந்தமாகவே வேலை செய்தது.

பின்பக்கத் திரை இழுத்துக்கொண்டு, பழைய படத்தின் நிழல் விலகாமல் நின்றால் பயப்பட வேண்டாம். திரையின் திரவப் படிகம் குளிரில் சோம்பும், அவ்வளவுதான். எடுக்கும் படத்தில் அது தெரியாது. சொல்லப்போனால் ஒளியைப் பதியும் சென்சாருக்குக் குளிர் நல்லது. நீண்ட எக்ஸ்போஷரில், அதாவது வெகுநேரம் ஒளியை வாங்கி எடுக்கும் படத்தில், சென்னையில் தெரியும் நிறப்புள்ளிகள் அங்கே பெருமளவு காணாமல் போகின்றன.

என் கேமராவுக்கு உண்மையான கேடு வந்தது சூட்டினால். இரண்டாம் வருஷம், விறைத்த கையோடு நேராக புகாரி அடுப்பு எரியும் அறைக்குள் நுழைந்தேன். அடுப்பின் மேல் தேநீர்ப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. அரை நிமிஷத்தில் கேமரா முழுக்க வியர்த்தது. துடைத்துவிட்டு அவசரமாக மறுபடி வெளியே எடுத்துப் போனேன். அது அதைவிடப் பெரிய தப்பு. லென்ஸுக்குள் புகுந்திருந்த ஈரம் உறைந்து, ஃபோகஸ் வளையம் அசையவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அதே லென்ஸுக்குள் பூஞ்சை நூல் ஓடியிருந்தது. அந்த ஈரம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகம் போகவில்லை.

இப்போது வாசலுக்கு வெளியிலேயே மெமரி கார்டையும் பேட்டரியையும் கழற்றிவிடுவேன், அப்போதுதான் உள்ளே போனதும் படம் பார்க்கலாம். கேமராவைப் பெரிய ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுவேன். பிறகுதான் கதவைத் திறப்பேன். அடுப்பிலிருந்து தள்ளி, மூலையில் இரண்டு மூன்று மணி நேரம். ஈரம் கவரின் வெளிப்புறத்தில் படியும், கேமரா தப்பிக்கும். ஆவல் தாங்காமல் நடுவில் திறந்தால் எல்லாம் வீண்.

இன்னொன்று: லென்ஸில் ‘ஹா’ என்று ஊதித் துடைக்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மூச்சு அப்படியே பனிப்படலமாக ஒட்டிக்கொள்ளும். மணிக்கணக்கில் டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்துச் செய்யும் வீடியோ) ஓட்டினால் லென்ஸைச் சுற்றிக் கட்டும் யூஎஸ்பி சூடாக்கும் பட்டை அவசியம். அதற்கு மின்சாரம் தரும் பவர் பேங்கும் லித்தியம்தான், ஆகவே அதைக் கம்பளிக் காலுறைக்குள் திணித்து வையுங்கள். நட்சத்திரத்தில் ஃபோகஸ் வைப்பதை, கேமரா வெளியே வந்து அரைமணி கழித்துச் செய்யுங்கள். லென்ஸ் குளிர்ந்து சுருங்கச் சுருங்கக் கூர்மை நழுவுகிறது.

பகலில் பனி சாம்பல் நிறமாக வந்தால் எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டினால் போதும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு).

சார்ஜ் ஏற்றுவதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பேட்டரி உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கெடும். மூன்றாம் வருஷம் வெளியிலிருந்து வந்த கையோடு சார்ஜரில் மாட்டிய ஒரு பேட்டரி, அதற்குப் பிறகு பாதி நேரம்கூட நிற்கவில்லை. இப்போது விடியலில் திரும்பியதும் நான்கையும் ரஜாய்க்குள் என்னோடு போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். எழுந்து தேநீர் குடித்த பிறகுதான் சார்ஜர்.