பழைய ஏரியைப் பற்றி எதனிடம் விசாரிப்பது? ஆஸ்ட்ரகோடு, டயட்டம்: ஓர் அலசல்

ஏரியடியில் குழாய் இறக்கி எடுத்த சேற்றில், அந்த ஏரியின் பழங்காலத் தண்ணீரும் காலநிலையும் எப்படி இருந்தன என்று சொல்லப் பெரும்பாலும் இரண்டு சாட்சிகள் கிடைக்கும். ஒன்று ஆஸ்ட்ரகோடு. இறாலுக்குத் தூரத்து உறவு, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், இரண்டு சுண்ணாம்பு ஓடுகளுக்குள் உடம்பை மூடிக்கொண்டு வாழும். இன்னொன்று டயட்டம், சிலிக்காக் கூடு கட்டும் ஒற்றைச் செல் பாசி.

என் கட்சி ஆஸ்ட்ரகோடு. சேற்றைச் சல்லடையில் அலசி, சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தூரிகை நுனியால் பொறுக்கிவிடலாம். டயட்டத்துக்கோ பெராக்சைடில் சூடாக்கிச் சுத்தம் செய்து, 1000 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாக வேண்டும், கண் போய்விடும்.

ஆனால் நான் அந்தப் பக்கம் சாய்வதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. எந்த இனம் என்பதே தண்ணீரின் உப்பைப் பற்றி ஏதாவது சொல்லும், அப்புறம் ஓட்டின் வேதியியல் தனிக்கதை. ஜெர்மனியில் மியூனிக் பக்கம் உள்ள அம்மர்சே ஏரியைப் பாருங்கள். அதன் ஆழத்தில் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே குளிர்தான், ஆகவே அங்கே வாழ்ந்த ஆஸ்ட்ரகோடு ஓட்டில் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் (கனமான ஆக்சிஜனுக்கும் லேசான ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம்) மாறினால் அடித்தண்ணீரின் வெப்பத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, பெய்த மழையிலும் பனியிலும் இருந்த அந்த விகிதம்தான் மாறியிருக்கிறது. 1999இல் வெளியான அந்தப் பதிவு 15,500 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை நீள்கிறது, கிரீன்லாந்துப் பனிப்பாறைப் பதிவோடு அருமையாக ஒத்தும் போகிறது. ஒவ்வொரு பேரினமும் கனமான ஐசோடோப்பைத் தன் பாணியில் கொஞ்சம் கூட்டித்தான் ஓட்டில் சேர்க்கும் என்பதால் அதற்குத் திருத்தம் போட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு வசதி, இவை முதிர்வதற்குள் எட்டு முறை ஓடு கழற்றும். குஞ்சும் பெரிசும் கலந்து கிடைத்தால் அங்கேயே வாழ்ந்தவை, ஒரே அளவு ஓடுகள் மட்டும் குவிந்திருந்தால் நீரோட்டம் அடித்து வந்ததோ என்று யோசிக்கணும்.

சரி, டயட்டம் எங்கே ஜெயிக்கிறது? அமிலத் தண்ணீரில். ஸ்காட்லாந்தின் ரவுண்ட் லாக் ஆஃப் கிளென்ஹெட் ஏரி 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அமிலமாகிக்கொண்டே வந்ததை டயட்டம்தான் காட்டிக் கொடுத்தது, அமில மழை விவாதத்தில் அது பெரிய ஆதாரம். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு ஓடு கரைந்தே போயிருக்கும். அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்த ஏரியிலும் இதே கதை, அங்கே ஆஸ்ட்ரகோடு வாழவே முடியாது, வெளிச்சம் படும் மேல்தண்ணீரில் மிதக்கும் டயட்டத்துக்கு அந்தக் கவலை கிடையாது. பதிலுக்கு, காரம் மிகுந்த சோடா ஏரிகளில் சிலிக்காக் கூடு கரையும்.

கையில் காசு ஒன்றுக்குத்தான் என்றால், சேற்றில் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கரையாமல் இருக்கிறது, சல்லடையை எடுங்கள், இல்லையென்றால் டயட்டம் தெரிந்த ஆளைத் தேடுங்கள்.