கூலன்ட் குறைகிறது என்று கொடுத்தேன், 38,000 போய்விட்டது: பழைய கார் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

இன்று மதியம்தான் உண்மை தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். ஹெட் காஸ்கெட் போய்விட்டது என்று சொல்லி என்னிடம் 38,000 வாங்கினார்கள். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் அடிப்பாகத்துக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு அது. போனது ஹெட் காஸ்கெட் இல்லை, ரப்பர் ஹோஸைக் குழாயோடு இறுக்கிப் பிடிக்கும் ஒரு ஹோஸ் கிளாம்ப். விரல் மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கம்பி வளையம்.

பெயர் போடவில்லை. செயலியில் பதிவு செய்தால் வீட்டுக்கே ஆள் அனுப்பி, வண்டியை எடுத்துப்போய், சரிசெய்து, கழுவித் துடைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்களே, அந்த மாதிரிச் சேவை. நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

வண்டிக்கு 14 வயது. அப்பா ஓட்டியது, அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது. இரண்டு மாதமாகக் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், குறைந்துகொண்டே இருந்தது. பானட்டைத் திறந்தால் அந்த வெள்ளை பிளாஸ்டிக் டேங்கில் வாரத்துக்கு ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். தரையில் ஒரு சொட்டு கிடையாது. ராத்திரி அடியில் அட்டை விரித்து வைத்துப் பார்த்தேன், காலையில் அட்டை காய்ந்தே கிடந்தது. ஏசி போட்டு ஓட்டினால் மட்டும் கீழே தண்ணீர் சொட்டும். அது நிறமும் வாசனையும் இல்லாத வெறும் ஏசித் தண்ணீர், எல்லா வண்டியிலும் வருவதுதான். வெப்ப முள் நடுவை விட்டு நகரவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. ஓட்டி வந்து நிறுத்தியதும் பானட் பக்கம் லேசாக ஒரு இனிப்பு வாசனை வரும், அவ்வளவுதான். அந்த வாசனைதான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் புரியவில்லை.

வந்தவர் சின்னப் பையன். சீருடை, கையுறை, கையில் டேப்லெட். மரியாதையாகப் பேசினார். "நீங்களும் பக்கத்துல நில்லுங்க சார், எல்லாத்தையும் உங்க கண் முன்னாடியே காட்டிடறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பினார். பாலேடு மாதிரி வெளுத்த நுரை ஒட்டியிருந்தது. சுட்டுவிரலால் அதை வழித்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பாத்தீங்களா சார், ஆயில்ல கூலன்ட் கலந்திருக்கு. ஹெட் காஸ்கெட் போயிடுச்சு. இப்படியே ஓட்டினா எஞ்சினே போயிடும்."

நான் வாயடைத்து நின்றேன். அப்பா வண்டி என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அதையும் பிடித்துக்கொண்டார். "அப்பா ஞாபகமா வெச்சிருக்கீங்க, விட்டுடாதீங்க சார், நாங்க காப்பாத்தித் தரோம்" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் தட்டிக்கொடுத்தார். அங்கேயே நின்று 15,000 முன்பணம் அனுப்பினேன். ஆறு நாள் கழித்து வண்டி பளபளவென்று வந்தது, மீதி 23,000 கொடுத்தேன். ஆக 38,000.

இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது. அந்தப் பையன் டிப் ஸ்டிக்கை, அதான் எஞ்சின் ஆயிலைப் பார்க்கும் கம்பியை, வெளியே இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கருவியும் எடுக்கவில்லை. மூடியில் இருந்த நுரையை மட்டும் காட்டினார். நான் தினமும் ஓட்டுவது மூன்று கிலோமீட்டர். அவ்வளவு குறைந்த தூரத்தில் எஞ்சின் ஆயில் முழுச் சூட்டுக்கு வராது. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகி வெளியே போகாமல், குளிர்ச்சியாக இருக்கும் மூடியில் படிந்து ஆயிலோடு கலந்து அப்படி நுரைக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்து, மூடியில் மட்டும் நுரை இருந்தால், அதை வைத்து ஹெட் காஸ்கெட் போச்சு என்று முடிவு கட்டவே கூடாது. அந்தப் பையனுக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

வண்டி வந்த பதினோராவது நாள் டேங்கைப் பார்த்தேன். அதே ஒரு விரல்கடை குறைந்திருந்தது.

போன் செய்தேன். "புதுசா கூலன்ட் ஊத்தினா உள்ள இருக்கிற காத்து வெளியேறும் சார், லெவல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், ஊத்திட்டு ஓட்டுங்க" என்றார்கள். ஓரளவுக்கு அது உண்மைதான், ஒன்றிரண்டு முறை அப்படி இறங்கும். அதனால் நம்பினேன், ஊற்றினேன். மூன்று வாரம் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மறுபடி போன் செய்தபோது வேறு குரல். "உங்க புகார் மேல போயிருக்கு சார், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடவில்லை. மூன்றாவது முறை, "ரேடியேட்டரும் பழசு சார், அதுல கசிஞ்சா அது தனி வேலை, தனி எஸ்டிமேட்." சரி, மாற்றிய பழைய காஸ்கெட்டையாவது கொடுங்கள் என்றேன். அதெல்லாம் அன்றைக்கே ஸ்கிராப்பில் போட்டாச்சாம். வந்த பையனோடு பேச வேண்டும் என்றேன். அவர் இப்போது அங்கே வேலையில் இல்லையாம். அன்று சாயங்காலமே செயலியில் அறிவிப்பு வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? 38,000 வாங்கியவர்கள் கேட்கிற கேள்வி இது.

கடைசியில் நண்பர் ஒருவர், தனியாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வயதான மெக்கானிக்கிடம் அழைத்துப்போனார். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போ தம்பி, எஞ்சின் நல்லா ஆறணும்" என்றார்.

இன்று காலை அவர் செய்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அதில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தார், 0.9. அந்த மூடி தாங்கும் அழுத்தம் அது. மூடி இருந்த இடத்தில், சைக்கிள் பம்ப் மாதிரி கைப்பிடியும் ஒரு மீட்டரும் உள்ள பிரஷர் டெஸ்டரை மாட்டி, முள் 0.9-க்கு வரும்வரை அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "முள்ளு அப்படியே நின்னா வெளிய கசிவு இல்ல. இறங்கினா எங்கயோ போகுது. தேட வேண்டியதுதான்." பத்து நிமிஷத்தில் முள் 0.7-க்கு இறங்கியிருந்தது.

டார்ச்சும் சின்னக் கண்ணாடி ஒன்றும் எடுத்துக்கொண்டு எஞ்சினின் பின்பக்கம் குனிந்தார். ஹீட்டருக்குப் போகும் ஹோஸ், டேஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் இரும்புச் சுவர் ஓரம் குழாயில் சேரும் இடம். என்னையும் குனியச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தேன். கிளாம்புக்குக் கீழே பச்சையாக ஒரு முத்து. நாங்கள் பார்க்கப் பார்க்கப் பெருத்து, உருண்டு, குழாய் வழியே ஓடிக் கீழே சைலன்சர் குழாய் மேல் விழுந்தது. எஞ்சின் ஓடும்போது அங்கே விழுவது உடனே காய்ந்துவிடும். அதனால்தான் தரையில் சொட்டே இல்லை. அந்த இடத்தைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெளுத்த பச்சைப் பொருக்கு படிந்திருந்தது. இனிப்பு வாசனையும் அதுதான். 14 வருஷத்தில் கிளாம்பின் ஸ்பிரிங் இறுக்கம் விட்டுப்போயிருக்கிறது. ரப்பர் குளிர்ந்து சுருங்கியிருக்கும்போது கசிகிறது, சூடேறி விரிந்ததும் தானாக அடைத்துக்கொள்கிறது.

இருபது நிமிஷத்தில் கிளாம்பை மாற்றினார். மறுபடி 0.9-க்கு அடித்தார். முள் அசையவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் 38,000 கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் டார்ச்சை சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் அடித்தார். அங்கே நட்டுகள் மேல் தடித்த துரு. நட்டின் முனைகளில் ஸ்பேனர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. மேலே ஹெட்டை மூடியிருக்கும் வால்வு கவரின் போல்ட்டுகளைச் சுற்றிப் பழைய ஆயில் அழுக்கு காய்ந்து, உடையாமல் அப்படியே இருந்தது. "தம்பி, ஹெட்டைக் கழட்டினவன் இதையெல்லாம் தொடாம எப்படிக் கழட்டினான்?" என்று கேட்டார். ஹெட்டை யாரும் கழற்றவே இல்லை. ஆயில் மாற்றியிருக்கிறார்கள், கூலன்ட் மாற்றியிருக்கிறார்கள், கழுவியிருக்கிறார்கள். பில்லில் மட்டும் ஹெட் காஸ்கெட், ஹெட் மட்டம் பிடித்த கூலி என்று வரி வரியாக இருக்கிறது.

அங்கிருந்தே அவர்களுக்குப் போன் செய்தேன். வந்த பதில்: "வேற மெக்கானிக் கை வெச்சிட்டா வாரன்டி கிடையாது சார்."

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும். ஹெட் காஸ்கெட் என்று யார் சொன்னாலும் முதலில் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், ஆறிய எஞ்சினில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இன்னொரு சோதனையும் இருக்கிறது: ரேடியேட்டர் வாயில் நீல திரவம் வைத்துப் பார்ப்பது. எரிந்த வாயு கூலன்டில் கலந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகும். இவற்றை உங்கள் கண் முன்னால் செய்யாதவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். பிரித்த எஞ்சினின் படமும் பழைய பாகமும் தருவோம் என்று முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். முன் இருக்கைக் காலடியில் கார்ப்பெட் ஈரமாகி, கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி படர்ந்தால் டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் ஹீட்டர் கோரை, அதான் ஹீட்டருக்கான சின்ன ரேடியேட்டரை, பாருங்கள். கசிவை அடைக்கும் பொடியைக் கொட்டாதீர்கள், அது அந்த ஹீட்டர் கோரையே அடைத்துவிடக்கூடும். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள், அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் கொதித்து முகத்தில் அடிக்கும். சிந்தினால் உடனே துடையுங்கள். அது விஷம், நாயும் பூனையும் நக்கிவிடும்.

துருப்பிடித்த அந்த நட்டுகளை ஒன்று விடாமல் படம் எடுத்து வைத்திருக்கிறேன். 38,000-க்கான பில்லும் கையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து நுகர்வோர் புகார் எழுதப் போகிறேன்.