கேஸ் "செக்கிங்" என்று வருபவர்களை அடுப்படிக்குள் விடாதீர்கள்: உறையூரில் எங்கள் வீட்டில் நடந்தது

திருச்சி உறையூர், தில்லைநகர் பக்கம் இருப்பவர்கள் இதை வீட்டுப் பெரியவர்களுக்குக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். கேஸ் கம்பெனியிலிருந்து வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். எங்கள் வீட்டில் 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். காசு மட்டும் போயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பைக் கேஸ் கசியும்படி ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் குடும்பமே அதோடு தூங்கி எழுந்திருக்கிறது.

அவர்கள் நேரம் பார்த்துத்தான் வருகிறார்கள். அவரும் நானும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு, அத்தை மட்டும் வீட்டில் இருக்கும்போது வந்திருக்கிறார்கள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, தோளில் கருவிப் பை. "செக்கிங்மா. கவர்மெண்ட் ரூல். பண்ணலேன்னா அடுத்த சிலிண்டர் புக் ஆகாது, நாளைக்கு ஏதாவது ஆனா இன்சூரன்ஸும் கிடைக்காது" என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார்கள். "பையன் சாயங்காலம் வந்துருவான், அப்ப வாங்கப்பா" என்று அத்தை சொல்லியும் கேட்கவில்லை. "இன்னிக்கே இந்தத் தெருவை முடிச்சாகணும்மா, எதுத்த வீட்ல இப்பதான் முடிச்சுட்டு வர்றோம்" என்றார்களாம். எதிர் வீட்டில் கேட்டோம். அங்கே யாரும் வரவே இல்லை.

உள்ளே வந்ததும் ஒருவர் டியூபைக் கழற்றி இரண்டாக மடக்கி, மேலே படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்குக் கோடுகளைக் காட்டி "வெடிச்சுப்போச்சும்மா" என்றிருக்கிறார். திரும்ப மாட்டுகிற சாக்கில் அதைத் தளர்வாக விட்டு, ரெகுலேட்டரைத் திறந்து, இணைப்புக்குப் பக்கத்தில் லைட்டரைத் தட்டியிருக்கிறார். குப்பென்று தீ எழும்பியிருக்கிறது. "பாத்தீங்களாம்மா, நாங்க வரலேன்னா என்ன ஆயிருக்கும்?" அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அந்தத் தீயைக் கண்ணால் பார்த்த பிறகு அவர் எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பார். இதைச் சொல்லும்போது இப்போதும் அவர் கை நடுங்குகிறது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

உண்மையான மெக்கானிக் யாரும் கசிவைத் தீ வைத்துப் பார்க்க மாட்டார். சோப்பு நுரையைத் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்கு வந்தவர் லைட்டரையோ தீப்பெட்டியையோ இணைப்புப் பக்கம் கொண்டுபோனால், அந்த நிமிடமே ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே அனுப்பிவிடுங்கள்.

புதிதாக ஒரு டியூபை மாட்டிவிட்டு, பழைய டியூபைத் தங்கள் பையில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அது ஏஜென்சியிலேயே வாங்கிய சுரக்ஷா டியூப், உள்ளே கம்பிப் பின்னல் வைத்த பாதுகாப்பு டியூப். அதன் ஆயுள் 5 ஆண்டு, பாதிகூட முடியவில்லை. பிறகு "சர்வீஸ்" என்று பர்னரைக் கழற்றி, உள்ளே இருக்கும் பித்தளை ஜெட்டை (கேஸ் வெளிவரும் சின்ன ஓட்டை உள்ள முனை) ஏதோ கம்பியால் குடைந்திருக்கிறார்கள். பற்றவைத்ததும் தீ பெரிதாக எரிந்ததைக் காட்டி, "இப்ப எப்படி எரியுது பாருங்கம்மா" என்று பெருமை வேறு. கொடுத்த ரசீதில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் மட்டும். ஏஜென்சி பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. கீழே இருந்த போன் நம்பர் அன்று சாயங்காலமே வேலை செய்யவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து பாத்திரத்தின் அடி கரிபிடிக்க ஆரம்பித்தது. தீ மஞ்சளாக எரிந்தது. பிறகு ஒரு ராத்திரி, படுக்கப்போகும்போது அந்த அழுகிய முட்டை நாற்றம். சமையல் எரிவாயுவுக்குச் சொந்த மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்கேப்டன் என்ற ஒன்றைக் கலக்கிறார்கள். ஆகவே அந்த வாடை லேசாக வந்தாலும் அலட்சியம் செய்யாதீர்கள். 1906-க்குப் போன் செய்தோம். எரிவாயுக் கசிவுக்கென்றே 24 மணி நேரமும் இருக்கும் எண் அது. ரெகுலேட்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற, எந்த ஸ்விட்சையும் போடாதே, எரிகிற லைட்டையும் அணைக்காதே என்றார்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் ஜன்னல் மட்டும் போதாது, பால்கனிக் கதவையும் வாசல் கதவையும் விரியத் திறந்து வைக்கச் சொன்னார்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடவே கூடாது.

வந்த மெக்கானிக் அடுப்பு முனையில் இருந்த டியூபை இரண்டு விரலால் இழுத்தார். கையோடு வந்துவிட்டது. துளை பெரிதாக இருந்ததால் முனையைப் பிடிக்கவே இல்லை. நிறம் மட்டும் சுரக்ஷா போல ஆரஞ்சு. வெட்டிக் காட்டினார்: வெறும் ரப்பர். சுரக்ஷாவில் உள்ளே மெல்லிய இரும்புக் கம்பிப் பின்னல் இருக்கும், மேலே ஐஎஸ்ஐ முத்திரையும் தயாரித்த ஆண்டும் அச்சாகியிருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. ஜெட்டைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் புதியதோடு சேர்த்துப் பிடித்தார். எங்களுடையதில் ஓட்டை கோணலாக, நன்றாகப் பெரிதாகியிருந்தது. ஓட்டை பெரிதானால் கேஸ் அதிகம் வரும், அதற்கேற்ற காற்று சேராது. சரியாக எரியாத அந்த மஞ்சள் தீயிலிருந்து கரியோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு வாடையே கிடையாது. அடைத்த அடுப்படியில் நின்று சமைக்கிறவர்கள் இதை யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் ஏஜென்சிக்குப் போனோம். "நாங்க அனுப்பல, எங்களுக்குச் சம்பந்தமில்ல" என்று ஒரே வரி. அவர்கள் பெயரைச் சொல்லித்தானே வீட்டுக்குள் வந்தார்கள்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி எச்சரிக்கக்கூட அவர்களுக்கு மனமில்லை. ஆனாலும் வற்புறுத்திக் கேட்டதில் சில விவரங்கள் கிடைத்தன. கட்டாய ஆய்வு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அது 5 ஆண்டுக்கு ஒருமுறை, கட்டணம் ஜிஎஸ்டியோடு 236 ரூபாய். ஏஜென்சி ரசீதில்தான் வாங்குவார்கள். ஒன்றரை மீட்டர் சுரக்ஷா டியூப் ஏஜென்சியில் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். எங்களிடம் வாங்கிய 1,850-ஐ இதோடு வைத்துப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் என்று மிரட்டுவதும் ஏமாற்று. இணைப்பு உள்ள வீட்டில் விபத்து நடந்தால் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீடு இருக்கிறது, நாம் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. சொல்லப்போனால், ஐஎஸ்ஐ இல்லாத டியூப் மாட்டியிருந்தால் அதுதான் நமக்குச் சிக்கலாகும் என்றார் மெக்கானிக்.

இதைப் படித்துவிட்டு சர்வீஸே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடாதீர்கள். அடுப்பை வருடம் ஒருமுறையாவது நாமாகக் கூப்பிட்ட ஆளைக் கொண்டு பார்க்கத்தான் வேண்டும். கூப்பிடாமல் வருபவர் எந்த அட்டையைக் காட்டினாலும், கேஸ் புக்கில் இருக்கும் ஏஜென்சி நம்பருக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். அவர் போட்டுக் கொடுக்கும் போனில் பேசாதீர்கள். சிலிண்டர் வரும்போது சீலைப் பிரித்து, வால்வில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, குமிழ் வருகிறதா என்று போடுகிறவரையே பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வாஷர் போயிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ராத்திரி ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள்.

இன்றைக்கே உங்கள் டியூபைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் ஆண்டும் இல்லையென்றால் அடுத்த வேளை சமைப்பதற்கு முன் மாற்றிவிடுங்கள். நாங்கள் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறோம். எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டில் இதே ஸ்டாம்ப் போட்ட ரசீது இருக்கிறது. உங்களிடமும் இருந்தால், அந்த ரசீதையும் அவர்கள் மாட்டிய டியூபையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்து எங்களோடு வாருங்கள், சேர்த்தே கொடுத்துவிடலாம்.