முதலில் எதைப் படிப்பது: ‘குற்றமும் தண்டனையும்’ அல்லது ‘கரமசோவ் சகோதரர்கள்’?

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் இருட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது என்று தயங்குகிறவர்களுக்காக இது.

நீளம்
குற்றமும் தண்டனையும் (1866): 6 பாகங்கள், ஒரு பின்னுரை.
கரமசோவ் (1880): 12 நூல்கள் (நாவலின் பெரும் பகுதிகளுக்கு அந்தப் பெயர்), ஒரு பின்னுரை. ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரியது.

வேகம்
முன்னதில் முதல் பாகம் முடிவதற்குள் கோடரி விழுந்துவிடும்.
பின்னதில் கொலை 8ஆம் நூலில்தான். தொடக்க மடாலயக் காட்சிகளிலேயே பலர் கைவிடுகிறார்கள். 3ஆம் நூலில் மூத்த சகோதரன் திமித்ரி தன் மனதைத் திறந்து கொட்டும்வரை பொறுங்கள், பிறகு புத்தகமே உங்களை இழுத்துக்கொள்ளும்.

வலி
‘குற்றமும் தண்டனையும்’ நாயகன் ரஸ்கோல்னிகவின் கதையில் ஒரே மனம், ஒரே காய்ச்சல், அலமாரி போன்ற ஓர் அறை. மூச்சுவிட இடமே இல்லை. குதிரையை அடித்துக் கொல்லும் அந்தக் கனவு (முதல் பாகம், 5ஆம் அத்தியாயம்) உலக இலக்கியத்தின் மிகக் கொடிய பக்கங்களில் ஒன்று. இரவில் படிக்காதீர்கள்.

கரமசோவில் வலி பலர்மேல் பரவுகிறது. குழந்தைகள் ஏன் துன்புற வேண்டும் என்று 5ஆம் நூலில் நடுச் சகோதரன் இவான் கேட்பதற்கு இன்றுவரை பதிலில்லை. 1878இல் மூன்று வயதுகூட நிறையாத மகன் அலெக்ஸெய்யைப் பறிகொடுத்தவர் எழுதியது இது. கதையில் வரும் இளைய சகோதரனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். சிறுவன் இல்யூஷா வரும் பக்கங்களில் அந்தத் துக்கம் கசிகிறது.

பெயர்கள்
இரண்டிலுமே குழப்பம். ரோத்யாதான் ரஸ்கோல்னிகவ், மீத்யாதான் திமித்ரி. ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.

விடாமல் துரத்தும் கதை வேண்டுமென்றால் முதலாவது. நம்பிக்கை, குடும்பம், நீதி எல்லாவற்றோடும் மோதத் தயார் என்றால், இரண்டு மாதம் ஒதுக்கிக் கரமசோவ்.