14,500 ரூபாய் கொடுத்துத் தாத்தாவின் ராமரைத் தொலைத்த கதை: பழைய படத்தைப் பெரிதாக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

நேற்று மாலை அந்தக் கடையிலிருந்து மூன்றாவது முறையாக வெறுங்கையோடு திரும்பினேன். பேருந்தில் உட்கார்ந்தபோதே எழுதிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. அந்தச் சூட்டில் எழுதினால் கடையின் பெயரையும் எழுதிவிடுவேன் என்று அஞ்சி ஓர் இரவு பொறுத்தேன். கோபம் தணியவில்லை. ஆகவே பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். மங்கிப்போன பழைய படங்களைக் கணினியில் சீரமைத்து, பெரிதாக்கி, துணியில் அச்சிட்டுத் தருவதாகச் சொல்லும் கடை அது. நான் இழந்தது 14,500 ரூபாய்.

நாங்கள் ஆந்திர எல்லையில் உள்ள நகரி வட்டாரத்துத் தமிழர்கள். வீட்டில் தமிழ், பள்ளியிலும் அலுவலகத்திலும் தெலுங்கு, சந்தையில் எது முதலில் வாயில் வருகிறதோ அது. என் தாத்தா இளமையில் காளஹஸ்தியில் தங்கி, துணியில் சாயம்கொண்டு ஓவியம் தீட்டும் கலம்காரியைக் கற்றவர். 1960களில் எங்கள் தெருப் பஜனைக் கோயிலுக்காக ஆறடி அகலமும் நாலடி உயரமும் கொண்ட துணி ஒன்றில் ராமர் பட்டாபிஷேகத்தை வரைந்து கொடுத்தார். மசூலிப்பட்டினத்துக் கலம்காரியில் மரஅச்சை ஒற்றுவார்கள். காளஹஸ்தியில், முனையில் துணி சுற்றிய மூங்கில் குச்சியால் ஒவ்வொரு கோட்டையும் கையால் இழுப்பார்கள். கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைத்து உலர்த்திய பருத்தித் துணி, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பல நாள் ஊறவைத்து எடுத்த கருஞ்சாயம், படிகாரம் தடவிய இடத்தில் மட்டும் பிடிக்கும் சிவப்பு, ஒவ்வொரு கட்டத்திலும் பொன்முகலி ஆற்றில் அலசல் என்று நைனா, அதாவது என் அப்பா, கதைகதையாகச் சொல்வார். காட்சிகளின் அடியில் தெலுங்கில் விளக்க வரிகள் இருந்தன. வலது கீழ் மூலையில் மட்டும் தாத்தா தன் பெயரின் முதல் எழுத்தான ‘மு’வைத் தமிழில் போட்டிருந்தார். அந்தத் துணி முழுவதிலும் தமிழ் அந்த ஓர் எழுத்துதான்.

2021 நவம்பர் மழையில் கோயில் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. நாங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தபோது பூஞ்சை படர்ந்து, கருங்கோடு ஓடிய இடமெல்லாம் துணி இற்றுப் பிளந்திருந்தது. அந்தச் சாயத்தில் உள்ள இரும்பே காலப்போக்கில் நூலை அரிக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மிஞ்சியது ஒரே ஒரு புகைப்படம்: 1994இல் ஒரு ஸ்டூடியோக்காரர் எடுத்துக் கொடுத்த ஆறுக்கு நாலு அங்குலப் படம், சென்னையில் அத்தை வீட்டு ஆல்பத்தில் இருந்தது. அத்தை மகள் அதை ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளுக்கு மேலேயே கைப்பேசியால் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். டியூப் லைட்டின் வெளிச்சம் பரதன்மேல் ஒரு வெள்ளைக் கீற்றாக விழுந்திருந்தது. இந்த மார்கழி பஜனைக்குள் அதைப் பழைய அளவிலேயே அச்சிட்டு மாட்டிவிட வேண்டும் என்பது தெருக்காரர்களின் ஆசை. பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு என்பதைப்போல, படம் கெட்டால் இந்தக் கடை என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஐப்பசியில் தங்கையுடன் போனேன். முதலில் தெலுங்கில் பேசிய கடைக்காரர், நான் தங்கையிடம் தமிழில் ஏதோ சொன்னதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, “அட, நம்மாளுங்களா நீங்க? உக்காருங்கண்ணா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ வாங்கிவரப் பையனை அனுப்பினார். அவருடைய பாட்டிக்குத் திருத்தணியாம். ஏமாந்தது எந்த நிமிடத்தில் என்று யாராவது கேட்டால், நான் இந்த நிமிடத்தைத்தான் சொல்வேன். எல்லை ஊரில் பிறந்தவர்களுக்கு இந்த நோய் உண்டு. எதிரில் இருப்பவர் நம் மொழியைப் பேசிவிட்டால் பையில் உள்ள பணத்தை எண்ணாமலே எடுத்து நீட்டுவோம்.

என் கைப்பேசியிலிருந்து படத்தை வாங்கிக் கணினியில் ஏற்றினார். அனுமனின் முகத்தை மட்டும் பெரிதாக்கினார். கலங்கிய சேற்றைப்போல இருந்தது. பிறகு நடுவில் ஒரு கோட்டை வைத்து மவுஸை இடமிருந்து வலமாக நகர்த்தினார். கோடு நகர நகரச் சேறு விலகி, புருவம் வந்தது, கண் வந்தது, காதில் குண்டலம் வந்தது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பிக்சல் எல்லாம் உள்ளேயேதான் இருக்குதுண்ணா, மறைஞ்சு கிடக்குது. நாம வெளியே எடுக்கிறோம், அவ்வளவுதான்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீரமைப்புக்கு 8,500 ரூபாய், சதுர அடிக்கு 250 வீதம் 24 சதுர அடி பருத்தித் துணி அச்சுக்கு 6,000 ரூபாய், ஆக மொத்தம் 14,500. ரசீது கேட்டேன். “பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி, 2,610 ரூபா சேரும். நமக்குள்ள எதுக்குண்ணா?” என்றார். அந்த ‘நமக்குள்ள’வில் விழுந்தேன். 8,500ஐக் கைப்பேசி வழியாக அங்கேயே அனுப்பினேன். பணம் சேர்ந்ததாக வந்த தகவலில் வேறு ஒருவர் பெயர் இருந்தது. “தம்பி அக்கவுண்ட்” என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன்.

பதினைந்து நாளில் தருவதாகச் சொன்னவர், மார்கழி பிறப்பதற்கு முந்தைய மாலைதான் கூப்பிட்டார். துணியைச் சுருட்டி நெகிழிக் குழாயில் அடைத்து, இரு முனையையும் ஒட்டி வைத்திருந்தார். “பிரிச்சா தூசி படும், கோயில்லயே பிரிங்க” என்றார். மீதி 6,000ஐ ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன்.

மறுநாள் விடியற்காலை, விளக்கு வெளிச்சத்தில், பத்துப் பேர் நிற்கும்போது பிரித்தோம். தூரத்திலிருந்து பார்த்தபோது எல்லோரும் “ஆகா” என்றோம். ஆளாளுக்குக் கிட்டே போகப் போகப் பேச்சு குறைந்தது. பரதன்மேல் விழுந்திருந்த டியூப் லைட் வெளிச்சம், தோளில் போட்ட வெள்ளை அங்கவஸ்திரமாக மாறியிருந்தது, மடிப்புகளோடு. ராமரின் பட்டில் சின்னச் சின்னச் சதுரங்கள். எங்கள் ஊர்த் தறியில் ஓட்டிய கட்டம்போட்ட லுங்கியை அவருக்கு உடுத்தியதைப்போல இருந்தது. காளஹஸ்திக் கலைஞர்கள் எழுதும் கண் நீண்டு அகன்றிருக்கும், கருவிழி உருண்டு நிற்கும். இங்கே சீதைக்கு இமைமயிர் முளைத்து, விழிக்குள் விளம்பரப் பெண்களுக்கு இருப்பதுபோல ஒரு வெண்புள்ளி மின்னியது. கண்ணப்பர் தன் கண்ணைப் பெயர்த்துக் கொடுத்த ஊரில் பழகிய கை எழுதிய கண்களை, இந்த மனிதர் ஒரு பொத்தானை அழுத்திப் பிடுங்கி வேறு கண் வைத்துவிட்டார்.

பஜனை நடத்தும் பெரியவர் தமிழும் தெலுங்கும் தடையின்றிப் படிப்பவர். அடிவரியில் விரலை வைத்து “ஸ்ரீ...” என்று தொடங்கினார், நின்றார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தொடங்கினார். “ஏம்பா, இது என்ன பாஷை?” என்று என்னைப் பார்த்தார். தெலுங்கு எழுத்தின் வளைவும் தலைக்கட்டும் இருந்தன. எழுத்து ஒன்றுகூட இல்லை. நான் மூலைக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். தாத்தாவின் ‘மு’ ஒரு பூமொக்காகியிருந்தது, காம்போடு.

இது ஏன் இப்படி ஆனது என்பதைப் பணம் போன பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வாட்ஸ்அப் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அதைச் சுருக்கி, அழுத்தித்தான் அனுப்பும். என் கையில் இருந்த கோப்பு 1,280க்கு 853 பிக்சல், அதாவது படப்புள்ளி. அதை 72 அங்குல அகலத்துக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 18 புள்ளிகூட வராது. புத்தகத்தில் அச்சிடும் படத்துக்கு 300 வேண்டும், சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் துணிக்கு 100 இருந்தாலும் சமாளிக்கலாம். அந்த 100ஐ எட்ட வேண்டுமானால் மூன்றரைக் கோடிப் புள்ளிகள் தேவை. இருந்தவை பதினோரு லட்சம். அதாவது 32 புள்ளிகளில் ஒன்றுதான் படத்திலிருந்து வந்தது, மற்ற 31ம் மென்பொருள் தானாக இட்டுக்கட்டியவை. தான் பயின்ற லட்சக்கணக்கான படங்களை வைத்து, இங்கே இது இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைவதுதான் அதன் வேலை. அரை அங்குல எழுத்துக்கு அந்தக் கோப்பில் ஒன்பது புள்ளி உயரம். ஒன்பது புள்ளியில் எந்தத் தெலுங்கு எழுத்து பிழைக்கும்? கோப்பை அழுத்தும்போது எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாகப் பிரித்துத்தான் அழுத்துவார்களாம். அந்தச் சதுரங்களின் விளிம்பையும் நெசவு என்று எண்ணிக் கூர்மையாக்கிக் கொடுத்ததால்தான் ராமருக்கு லுங்கி. உள்ளே ஒன்றும் மறைந்து கிடக்கவில்லை. அது கடைக்காரருக்கு முதல் நாளே தெரியும். “இவ்வளவுதான் வரும், மீதியைக் கலைஞர் ஒருவர் பார்த்து வரைய வேண்டும்” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் 14,500 ரூபாயை வேறு வழியில் செலவழித்திருப்பேன்.

பருத்தி என்றதும் பொய். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். பருத்தியானால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். இது உருகிச் சுருண்டு கருமணியாகி நின்றது. பாலியெஸ்டர். அவர் எதுவும் பேசாமல் அந்த மணியை என் உள்ளங்கையில் வைத்தார்.

தொலைபேசியில் சொன்னபோது, “வெளிச்சம் சரியில்லாத இடத்துல மாட்டியிருப்பீங்க” என்றார். இரண்டாம் அழைப்பில், “கிட்ட நின்னு யாருண்ணா பார்ப்பாங்க?” என்றார். பிறகு அழைப்பை எடுக்கவில்லை. அனுப்பிய படங்களுக்கு நீலக்குறி மட்டும் விழுந்தது. நேரில் போனேன். அதே பையன், டீ வாங்கிவந்த பையன், “ஓனர் லேரு” என்றான், ஓனர் இல்லையாம். அடுத்த முறையும் லேரு. நேற்று இருந்தார். அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை. நான் தமிழில் கேட்க, “மீரு இச்சின போட்டோ அந்தே, ஏம் சேயமண்டாரு?” என்று என்னை ஏறிட்டுப் பார்க்காமல் சொன்னார். நான் கொடுத்த படம் அவ்வளவுதானாம். பணத்தைக் கேட்டதற்கு “ரேப்பு ரண்டி”. பேய் வராமலிருக்க ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துக் கதவுகளில் ‘ஓ ஸ்த்ரீ ரேப்பு ரா’ என்று எழுதி வைத்திருந்தார்கள். நாளைக்கு வா என்று படித்துவிட்டு அது திரும்பிப் போய்விடுமாம். நேற்று அந்தப் பேயின் நிலைமை எனக்குப் புரிந்தது.

வெளியே வரும்போதுதான் சுவரைப் பார்த்தேன். ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டு படங்கள் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தன. இடப்பக்கம் கலங்கிய அனுமன், வலப்பக்கம் தெளிந்த அனுமன். எங்கள் அனுமன். இன்னொரு குடும்பம் அதற்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

இரவு வீட்டுக்கு வந்து, நைனாவின் பீரோவைக் குடைந்தேன். ஸ்டூடியோக்காரர் 1994இல் கொடுத்த மஞ்சள் உறை, அதற்குள் எண்ணெய்த்தாள் பையில் நான்கு சட்ட நெகட்டிவ் துண்டு. மூன்றாவது சட்டத்தில் தலைகீழான நிறங்களில் தாத்தாவின் துணி. 36 மில்லிமீட்டர் அகலம்தான். ஆனால் நல்ல ஃபிலிம் ஸ்கேனரில் அங்குலத்துக்கு 4,000 புள்ளி வைத்து எடுத்தால் 5,670 பிக்சல் கிடைக்கும், ஆறடியில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 79 உண்மையான புள்ளி. டியூப் லைட் கீற்றும் இருக்காது. “நெகட்டிவ் இருக்குதா?” என்று அந்தக் கடையில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் நானும் இருந்தேன், அதுவும் உண்மை.

விரிவாக அறிவுரை எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். இப்போது பொறுமை இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொண்டுபோகாதீர்கள். மூலப் படத்தை ஆல்பத்திலிருந்து எடுத்து ஸ்கேன் செய்யுங்கள், கட்டாயம் அனுப்பித்தான் ஆக வேண்டுமானால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். முகத்தைக் காட்டி மயக்குவார்கள். படத்தில் எழுத்து இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள், பொய் அங்கே வெளிப்படும். முழு அளவில் ஓரடித் துண்டு மட்டும் முதலில் அச்சிட்டு வாங்குங்கள். குழாயைக் கடையிலேயே பிரியுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

இன்று காலை நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். அவர்கள் கேட்டது ரசீது. 14,500 ரூபாயில் 8,500க்குக் கைப்பேசியில் தடயம் இருக்கிறது, அதுவும் முன்பின் தெரியாத ஒரு ‘தம்பி’யின் பெயரில். மீதி 6,000க்கு என் வாய்ச்சொல்லும் ஒரு நெகிழிக் குழாயும்தான் இருக்கின்றன.