வாடிக்கையாளர் விவரம்: நோட்டிலா, கம்ப்யூட்டரிலா?

திருநெல்வேலி டவுன் ரத வீதிக் கடைக்காரர்களுக்கு இப்போது இந்தக் குழப்பம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்.

சட்டம்
நோட்டு: பேனாவால் எழுதியது சட்டத்துக்குள் வராது. அந்தப் பக்கத்தையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் வந்துவிடும்.
கம்ப்யூட்டர்: பெயரும் போன் நம்பரும் ஏறிய உடனேயே வரும்.

செலவு
நோட்டு: ஒரு நோட்டு, ஒரு பேனா, அவ்வளவுதான்.
கம்ப்யூட்டர்: இங்கேதான் சிக்கல். 'நியாயமான பாதுகாப்பு' வேண்டும் என்கிறது சட்டம். எவ்வளவு செய்தால் நியாயம்? பெரிய ஜவுளிக்கடைக்கு வக்கீலும் ஐடி ஆளும் உண்டு, கேட்டுச் செய்துவிடுவார்கள். அல்வாக்கடை அண்ணாச்சி யாரிடம் கேட்பார்? அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சின்னக் கடைக்கென்று தனி வரம்பு கிடையாது. அபராதம் ஆளை எவ்வளவு பாதிக்கும் என்று அதைப் போடும் தரவுப் பாதுகாப்பு வாரியம் பார்க்க வேண்டும்தான், ஆனால் எவ்வளவு குறையும் என்பது எழுதப்படவில்லை. ஸ்டார்ட்அப்புகளுக்கு அரசு விலக்கு தரலாமாம். அண்ணாச்சி கடை ஸ்டார்ட்அப்பா என்ன!

கசிந்தால்
நோட்டு: போனது போனதுதான்.
கம்ப்யூட்டர்: 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு விரிவான அறிக்கை, வாடிக்கையாளருக்கும் தாமதமின்றித் தகவல்.

தெருவுக்குள் கடன் கொடுக்கும் மளிகைக்கடைக்கு நோட்டே போதும். வெளியூருக்கு அல்வாவோ பத்தமடைப் பாயோ கூரியரில் அனுப்புகிறவர் கம்ப்யூட்டருக்குப் போகலாம். பெயர், முகவரி, போன் நம்பர் போதும், பிறந்தநாளெல்லாம் எதற்கு? நகைச்சீட்டு நடத்துகிறவர் கம்ப்யூட்டரோடு வக்கீலையும் வைத்துக்கொள்ளட்டும்.